செம்மண்டலத்து மனைக்கு யார் காவல்?

கேள்வி: நான் புனேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். 2009-ல் கடலூர் செம்மண்டலம் பக்கம் ஒரு தனியார் லேஅவுட்டில் 40-க்கு 60 மனை ஒன்று வாங்கிப் போட்டேன். 2019-க்குப் பிறகு ஊர்ப்பக்கம் வரவே முடியவில்லை. போன மாதம் சித்தப்பா மகன் போய்ப் பார்த்திருக்கிறான். மனை முழுக்கக் கருவேலம் மண்டிக் கிடக்கிறதாம், வடபக்கம் இரண்டு மூலைக்கல்லைக் காணோமாம், பக்கத்து வீட்டுக்காரர் தகரக் கொட்டகை போட்டு மாடு கட்டுகிறாராம். உடனே காம்பவுண்டு எழுப்பிவிடலாமா? இல்லை, ஒரு குடும்பத்தைக் குடிவைத்தால் காவலாக இருக்குமா? தம்பிக்கே பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் நான் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: மூன்றுக்கும் என் பதில் ஒன்றுதான்: இப்போதைக்கு வேண்டாம். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் இன்றைக்கு இருக்கிற சிக்கலோடு இன்னொன்று சேர்ந்துகொள்ளும். கடலூர், பண்ருட்டிப் பக்கம் முப்பது வருஷம் நில அளவைச் சங்கிலி இழுத்தவன் நான். வெளியூர்க்காரர் மனையில் வந்த தகராறுகளில் பாதியாவது அவரே அவசரப்பட்டுச் செய்த காரியத்தில் ஆரம்பித்ததாகத்தான் இருந்தது.

காம்பவுண்டை எடுத்துக்கொள்வோம். எந்தக் கோட்டில் கட்டுவீர்கள்? கல்லே இல்லை என்கிறீர்கள். மேஸ்திரி வந்து, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து டேப் பிடித்து 40 அடி அளந்து வானம் தோண்டுவார். அந்தச் சுவரே உங்கள் மனைக்குள் ஒன்றரை அடி வந்திருந்தால், நீங்கள் மறுபக்கத்து மனையில் ஒன்றரை அடி ஏறிக் கட்டுவீர்கள். ஒரு வழக்கு இரண்டாகும். ஆகவே முதலில் அளவை, பிறகுதான் செங்கல்.

அளவைக்கும் முந்தியது ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரில் பட்டா இருக்கிறதா? பத்திரம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. 2009-ல் பத்திரம் பதிந்த கையோடு பட்டா மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். தனியார் லேஅவுட்டில் மூலைக்கு மூலை நட்டிருக்கும் கல், மனை போட்டவர் நட்ட கல். அது அரசாங்க சர்வே கல் அல்ல. அரசு நில அளவர் வந்தால் அவர் கையில் இருப்பது புலப்படம், அதாவது புல எண்வாரியாக எல்லையும் அளவும் வரைந்த அரசாங்கப் படம். அதில் உங்கள் மனை தனி உட்பிரிவாக வரையப்பட்டிருந்தால்தான் அதன் எல்லையைத் தரையில் காட்ட முடியும். பழைய நிலச் சொந்தக்காரர் பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ மொத்தப் புலமும் கிடந்தால், ‘உங்கள் மனை இதற்குள் எங்கோ இருக்கிறது’ என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடியும். எஃப்-லைன் மனு (எல்லை காட்டச் சொல்லும் மனு) போட்டேன், சர்வேயர் வந்து சும்மா நின்றுவிட்டுப் போனார் என்று குறைப்படுகிறவர்கள் பலருக்கும் காரணம் இதுதான். சர்வேயருக்குப் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். இல்லாத கோட்டை அவர் எதை வைத்துப் போடுவார்?

இதைப் புனேயில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா விவரமும் புலப்படமும் வரும். உங்கள் இடம் நகர அளவைக்குள் வந்திருந்தால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று கேட்கும். பத்திரத்தில் பழைய கிராமப் புல எண்ணே இருக்கலாம், குழம்ப வேண்டாம். பட்டாவில் சதுர அடி இருக்காது. 2400 சதுர அடி என்பது சுமார் 223 சதுர மீட்டர், நம் பேச்சில் ஐந்தரை சென்ட். அந்த அளவு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கூடவே பதிவுத் துறையின் டிஎன்ரெஜினெட் தளத்தில் வில்லங்கமும், அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலும், போட்டுப் பாருங்கள். வெறுமனே பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. 2009-லிருந்து இன்றுவரை போடுங்கள். உங்கள் கிரயத்துக்குப் பிறகு வேறு பதிவு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். மாட்டுக்கொட்டகையெல்லாம் அதற்கு முன் தூசு. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆள்மாறாட்டம் செய்து பத்திரம் போடுகிறவர்கள் தேடுவது, யாரும் வந்து பார்க்காத மனையைத்தான்.

பட்டா உங்கள் பெயரில் இல்லையென்றால், உட்பிரிவோடு கூடிய பட்டா மாற்றத்துக்கு மனுப் போடுங்கள். அந்த விசாரணையிலேயே இடத்தை அளந்து உட்பிரிவு எண் கொடுப்பார்கள். இருக்கிறதென்றால் எல்லை காட்டச் சொல்லி மனு. இதற்கும் இணையவழி வசதி வந்துவிட்டது. அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புப் போய், அவர்கள் முன்னிலையில் அளப்பார்கள். அந்த நாளில் மட்டும் நீங்கள் நேரில் இருங்கள். தம்பி இருக்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். சொந்தக்காரன் நின்று அளக்கும் இடத்தில் அண்டை வீட்டாரின் குரல் ஒரு படி இறங்கித்தான் இருக்கும், கண்ணால் கண்டது.

கல்லைக் காணோம் என்ற பேச்சையும் நான் பாதிதான் நம்புவேன். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணை கரைபுரண்டது என்று இந்த ஊர் மண் பலமுறை புரண்டிருக்கிறது. தண்ணீர் ஏறிய இடங்களில் அரை அடி, ஒரு அடி வண்டல் படிந்து கல் புதைந்துபோயிருக்கும். யாரும் பிடுங்கியிருக்க மாட்டார்கள். தம்பியை ஒரு கடப்பாரையோடு அனுப்பி, தெற்கே தெரியும் கல்லிலிருந்து 60 அடி அளந்து, அந்த இடத்தைச் சுற்றி இரண்டடி வட்டத்தில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டங்’ என்றால் கல். கிடைத்தால் அசைக்காமல் சுண்ணாம்பு அடித்துப் படம் எடுக்கட்டும். கிடைக்காவிட்டால் தானாக ஒரு கல்லை நட வேண்டாம். சர்வேயர் வரும்வரை இடம் அப்படியே இருக்கட்டும்.

இனி குடும்பத்தைக் குடிவைக்கும் யோசனை. இதில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். காவலாளி, வேலையாள், மேற்பார்வையாளர் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த இடத்தில் அவருக்கு உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் அவர் காவலாளியாகத்தான் இருந்தார் என்பதை நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கும்? ‘பாவம், இருந்துகொள்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னது மட்டுமே இருக்கும். அவரிடமோ நாளைக்கு அதே முகவரியில் ரேஷன் கார்டு இருக்கும், ஆதார் இருக்கும், கொட்டகைக்கு ஒரு மின் இணைப்பு இருக்கும், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் இருக்கும். வழக்கில் ஜெயித்தாலும் அதற்குள் எத்தனை தரம் புனேயிலிருந்து ரயிலேறுவீர்கள்? குடியிருக்க ஓர் இடம் இல்லாத குடும்பத்தை இரக்கப்பட்டு வைத்து, பிறகு போலீஸோடு வந்து காலி செய்யச் சொல்வது அவர்களுக்கும் கொடுமை.

மனையாக இல்லாமல் நன்செய், புன்செய் நிலமாக வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரத்துக்கோ விட்டால் 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். குத்தகை முடிந்தது, கிளம்பு என்று சொல்லிவிட முடியாது.

அதற்குப் பதிலாக ஆள் போடுங்கள், குடிவைக்காதீர்கள். அதே தெருவில் சொந்த வீடு உள்ள ஒருவர் மாதம் ஒருமுறை போய், நான்கு மூலையிலும் நின்று தேதியும் இடக்குறிப்பும் விழுகிற மாதிரி போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். அதற்கு ஒரு சிறு தொகையை மாதாமாதம் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். குறிப்பில் ‘மனை மேற்பார்வைக் கூலி’ என்று எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் தடம் இருக்காது. இடம் உங்கள் அனுபவத்தில் (கைவசத்தில்) இருக்கிறது, தான் கூலிக்குப் பார்த்துக்கொள்பவர் மட்டுமே, எந்தக் கட்டுமானமும் செய்ய மாட்டேன் என்று அவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். முகம் கோணுகிறவர் அந்த வேலைக்கு வேண்டாம்.

மாட்டுக்கொட்டகைக்கு வருவோம். அடுத்தவர் உங்கள் இடத்தை உங்களுக்கு எதிராகவே தன்னுடையது என்று வெளிப்படையாகத் தொடர்ந்து 12 வருஷம் அனுபவித்தால், 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி உங்கள் உரிமையே அணைந்துபோகும். இதைத்தான் எதிரிடை அனுபவம் என்கிறோம். 2019-க்குப் பிறகு போட்ட கொட்டகை என்றால் அவ்வளவு காலம் ஆகிவிடவில்லை. கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துச் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். தகரம் எந்த வருஷம் பளபளக்க ஆரம்பித்தது என்று அதில் ஓரளவு தெரியும். பார்த்து எடுத்து வையுங்கள்.

ஆனால் நீங்களாக ஆள் வைத்துப் பிடுங்கி எறிய வேண்டாம். சட்ட வழி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், அவர் சொந்தக்காரராக இல்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பக் கேட்க முடியும். மாடு கட்டுகிறவர் எல்லாருமே நிலம் பறிக்க வந்தவரும் இல்லை. காலியாகக் கிடந்தது, கட்டினேன் என்பவர்தான் அதிகம். முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். தயவாகக் கேளுங்கள், ஆனால் தாளில் முடியுங்கள்: ‘உரிமையாளர் அனுமதியோடு தற்காலிகமாக மாடு கட்டியிருக்கிறேன், இன்ன தேதிக்குள் எடுத்துவிடுகிறேன்’ என்று இரண்டு சாட்சியோடு ஒரு கடிதம். அனுமதியோடு இருப்பவர் எதிரிடை அனுபவம் பேச முடியாது. அந்த ஒரு தாள் பெரிய காம்பவுண்டைவிடப் பலமானது. எழுதித் தர மறுத்தால் அவர் மனசு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வக்கீல் நோட்டீஸ், பிறகு கடலூர் நீதிமன்றம். போலீஸுக்குப் போனால் ‘சிவில் மேட்டர்’ என்று மனு ரசீதோடு திருப்பி அனுப்புவார்கள். போலிப் பத்திரம் இருந்தால் மட்டும் கதை வேறு. அதற்கு மாவட்டத்தில் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவு இருக்கிறது.

பவர் விஷயம். தம்பி நல்லவராகவே இருக்கட்டும். விற்கும் அதிகாரத்தோடு பொது அதிகாரம் கொடுக்க இங்கே என்ன அவசியம்? பட்டா மனு, அளவை, வரி, மாநகராட்சி அலுவலக வேலை என்று இன்ன காரியத்துக்கு மட்டும் என்று குறித்துத் தனி அதிகாரம் கொடுங்கள். ‘விற்க, அடமானம் வைக்க, கட்டடம் கட்ட அதிகாரம் இல்லை’ என்று ஒரு வரி தனியாகவே எழுதச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுகிறவர் பழக்கத்தில் அச்சு வாசகத்தையே போட்டுவிடுவார். கையெழுத்துப் போடும் முன் நீங்களே படியுங்கள். மூலப் பத்திரம் புனேயில் உங்களிடமே இருக்கட்டும். தம்பிக்கு நகல் போதும்.

நீங்கள் கேட்கவே இல்லை, நான் கேட்கிறேன்: காலிமனை வரி கட்டினீர்களா? கடலூர் 2021-ல் மாநகராட்சியானது. அதற்கு முன் நகராட்சியாக இருந்தபோதும் காலிமனைக்கு வரி உண்டு. அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது, ஆனால் இடத்தைக் கைவிடவில்லை என்பதற்குத் தொடர்ச்சியான சாட்சி அதுதான். பாக்கியைத் தீர்த்துவிட்டு இனி இணையத்தில் கட்டுங்கள். உங்கள் லேஅவுட் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் அப்போதே நகரமைப்புப் பிரிவில் விசாரியுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளில் 20.10.2016-க்குள் பதிந்தவை 2017 விதிகளின்படி வரன்முறைக்குத் தகுதி உள்ளவை. விண்ணப்பக் காலக்கெடு பலமுறை நீண்டிருக்கிறது, இப்போதைய நிலவரத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு, ‘பாண்டி மனை’ என்று வாங்கியவர்களுக்கு. ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கொஞ்ச தூரத்தில் பாகூர் புதுச்சேரி. எல்லை பின்னிப் பின்னிப் போகிறது. விளம்பரத்தில் இருந்த ஊர்ப்பெயரை நம்பாமல், பத்திரம் எந்தச் சார்பதிவகத்தில் பதிந்தது என்று பாருங்கள். புதுச்சேரிக்குள் இருந்தால் பட்டா, அளவை, வில்லங்கம் எல்லாமே அந்த அரசின் அலுவலகங்களில்தான்.

கடைசியாகக் கருவேலம். அரிவாளால் வெட்டிப் போட்டால் ஒரே மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். தரைக்குக் கீழே ஓர் அடிவரை தூரோடு எடுத்தால்தான் சாகும். ஜேசிபி விடுவதென்றால் தை கடைசி, மாசி நல்ல காலம். மழை நின்று தரை வண்டி தாங்கும், மண்ணில் ஈரமும் இருப்பதால் வேர் முழுசாக வரும். ஓட்டுநரிடம் மட்டும் முன்கூட்டியே மூலைக்கற்களைக் காட்டிவிடுங்கள். புதரை எடுக்கிறேன் என்று கல்லையும் வாரிக்கொண்டு போன கதை எனக்குத் தெரிந்தே நாலைந்து உண்டு. மேல்மண்ணை லாரியில் ஏற்றவும் விடாதீர்கள். சுற்றிலும் எல்லாரும் மண்ணடித்து மனையை உயர்த்தியிருக்க, உங்களுடையது மட்டும் பள்ளமானால் தெருத் தண்ணீர் மொத்தமும் அங்கேதான் வந்து நிற்கும், பிறகு குப்பையும் கட்டட இடிபாடும் அதைத் தேடி வரும். புரட்டாசியில், ஐப்பசி மழை பிடிக்கும் முன், இன்னொரு தரம் சுத்தம் செய்தால் அந்த வருஷத்துக்குப் போதும். பாம்பு வருகிறது என்று தெருக்காரர்கள் மனுப் போடும் நிலைக்கு விடாதீர்கள். அந்தத் தெருவின் நல்லெண்ணம் உங்களுக்கு வேண்டும்.

அளந்து கல் நட்ட பிறகும் முழுக் காம்பவுண்டு அவசரமில்லை. கருங்கல் கால் ஏழடி உயரத்தில் வாங்கி இரண்டடி புதைத்து, நாலு வரிசை முள்கம்பி இழுத்தால் போதும். கம்பி நல்ல துத்தநாகப் பூச்சுள்ளதாக இருக்கட்டும். நம் ஊர்க் கடல்காற்றுக்குச் சாதாரணக் கம்பி சீக்கிரமே பொடிப்பொடியாக உதிரும். வடக்கு எல்லையில் உங்கள் பக்கமாக மூன்றடி தள்ளி நாலு பனங்கொட்டை போட்டுவையுங்கள். அந்தக் காலத்தில் வரப்புக்கு வரப்பு பனை வைத்தது நுங்குக்காக மட்டும் இல்லை. கல்லை இரவோடு இரவாக நகர்த்தலாம், பனையை நகர்த்த முடியாது. இப்போது அதை வெட்டவும் கலெக்டர் அனுமதி வேண்டும். ஆகவே நாளைக்கு வீடு கட்டும்போது இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்துப் போடுங்கள்.