கேம்பர் வேனில் இரண்டு ஏசிகள் இருக்கின்றன

தம்பி, இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதங்களே ஆகின்றன என்றும், கைமாறிய பழைய கேம்பர் வேன் (உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றைக் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக வாங்கியிருக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, நிறுத்திய அரை மணி நேரத்தில் உள்ளே அடுப்பாகிவிடுகிறது, கூரை மேல் இருக்கும் ஏசியைப் போட்டால் உறுமிவிட்டு அடங்கிவிடுகிறது, கேஸ் போட்டால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி. பதினொரு கோடைகளை இப்படி ஒரு வண்டியில் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேஸுக்குக் காசு கொடுப்பதற்கு முன்பு மின்சாரத்தையும் காற்றோட்டத்தையும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது ஒரு ஏசி அல்ல, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு ஏசிகள். ஓட்டுநருக்கு முன்னால் காற்று வீசுவது வண்டியின் ஏசி. அதன் கம்ப்ரசரை, அதாவது கேஸை அழுத்திச் சுற்றவிடும் பகுதியை, எஞ்சின் பெல்ட் சுழற்றுகிறது, ஆகவே எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும், அது பழுதல்ல. கூரையில் பெட்டி போல உட்கார்ந்திருப்பது வீட்டு ஏசியின் உறவினர். வெளியே உள்ள மின்கம்ப இணைப்பிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ இன்வெர்ட்டர் வழியாகப் பேட்டரியிலிருந்தோ அதற்குத் தனியாக மின்சாரம் வர வேண்டும். இரண்டுமே குளிரை உற்பத்தி செய்வதில்லை; உள்ளே இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகின்றன. உள்ளிருக்கும் காற்று குளிர்ச்சுருளைத் தாராளமாகத் தொட்டுச் செல்லவும், வெளிச்சுருள் தன் வெப்பத்தைத் தடையில்லாமல் வெளியே விடவும் வழி இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

உறுமிவிட்டு அடங்குவது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. கம்ப்ரசர் ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை, கிளம்பும் அந்த நொடியில் இழுக்கும். அந்த நேரத்தில் வோல்ட் சரிந்தால் மோட்டார் சுழல முடியாமல் உறுமும், பிறகு பாதுகாப்புச் சுவிட்ச் அதை நிறுத்திவிடும். என் முதல் கோடையில் எனக்கும் இதுவே நடந்தது. முகாம் மைதானத்தின் மின்கம்பம் தூரத்தில் இருந்ததால், வீட்டில் கிடந்த மெல்லிய நீட்டிப்புக் கம்பியைச் சுருளோடு அப்படியே புல்லில் வைத்து இணைத்திருந்தேன். ஏசி மூன்று முறை உறுமி அடங்கியது. நான்காவது முறை முனகிக்கொண்டே ஓடியது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சுருளைத் தூக்கப் போனபோது உள்ளடுக்குகள் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டன. பிளாஸ்டிக் இளகி ஒரு சுற்று இன்னொரு சுற்றோடு ஒட்டியிருந்தது. சுருளை முழுவதும் அவிழ்த்துவிடாமல் அதிக மின்சாரம் இழுத்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் இப்படித்தான் ஆகும், தீயும் பிடிக்கும். 230 வோல்ட் நாடுகளில் முகாம் இணைப்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிதான் வழக்கம். அதைவிட மெல்லியதை வண்டியில் வைத்திருக்கவே வேண்டாம்.

கம்பி சரியாக இருந்தும் உறுமினால் இரண்டு காரணங்களைப் பார்க்கலாம். அணைத்த உடனே மறுபடி போட்டால், குழாய்க்குள் அழுத்தம் சமமாகாத நிலையில் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். மூன்று நிமிடங்களாவது பொறுங்கள். பொறுத்தும் அதே உறுமல் என்றால், கம்ப்ரசருக்குத் தொடக்க உந்துதல் கொடுக்கும் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். அது விலை குறைந்த சிறு உதிரி என்றாலும், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் தன்னுள் மின்னூட்டத்தை வைத்திருக்கும். பழக்கமில்லாதவர் அதைத் தொடக்கூடாது.

மின்கம்பத்தில் எத்தனை ஆம்பியர் தருகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1,380 வாட்தான். ஏசி 1,000 வாட் இழுத்துக்கொண்டிருக்கும்போது யாராவது மின்கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்தால் பிரேக்கர் விழத்தான் செய்யும், அதற்கு ஏசியைக் குறை சொல்ல முடியாது. வேறொரு நாட்டிலிருந்து இறக்குமதியான வேன் என்றால், கூரை ஏசியின் பெயர்ப்பட்டையில் 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்க்காமல் எதிலும் செருகாதீர்கள்.

பேட்டரியில் இரவு முழுவதும் ஓட்டலாம் என்று விற்றவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. இன்வெர்ட்டர் தின்பது போக, 1,200 வாட் இழுக்கும் ஏசியைத் தொடர்ந்து ஓட்டினால் அது ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. ஈய அமிலப் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் வடிக்கவும் கூடாது. நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஏசிகள் இன்னும் குறைவாகவே இழுக்கும் என்றாலும், இரவைக் கடக்க அதைவிடப் பெரிய பேட்டரித் தொகுதி தேவைப்படும்.

பேட்டரி போதவில்லை என்று எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே குழந்தைகளோடு தூங்குவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அவற்றின் புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்புவதில்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி வண்டியில் இல்லையென்றால் ஏசிக்கு முன்பு அதை வாங்குங்கள். வாங்கிய பிறகும், அது இருக்கிறதே என்ற தைரியத்தில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள்.

இனிப் பராமரிப்பு. இதில் எண்பது விழுக்காடு தூசி துடைக்கும் வேலைதான். கூரை ஏசியின் உள்மூடியில் இருக்கும் ஃபில்டரை, வண்டி பயன்பாட்டில் இருக்கும் நாட்களில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் குளிர்ச்சுருள் உறைநிலைக்கும் கீழே போய், காற்றின் ஈரம் அதன் மேல் பனியாகப் படியும். ஒரு முறை மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, சுருளின் தகடுகளுக்கு இடையே வெள்ளைப் பனி விரல் தடிமனுக்கு இறுகியிருந்தது. விசிறி இரைகிறதே தவிர ஒரு துளிக் காற்றும் வரவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று அன்றைக்கு நானும் சத்தியம் செய்திருப்பேன். ஏசியை விசிறி நிலைக்கு மட்டும் மாற்றி ஒரு மணி நேரம் விட்டதும் பனி கரைந்தது, ஃபில்டரைக் கழுவியதும் குளிர்ச்சி திரும்பியது. வெளிச்சுருளுக்கும் அதே கதைதான்: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இலையையும் புழுதியையும் மென்மையான தூரிகையால் எடுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சினால் அலுமினியத் தகடுகள் மடங்கி வழியடைத்துக்கொள்ளும்.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான கூரை ஏசிகள் ஆலையிலேயே நிரப்பி அடைக்கப்பட்டவை. நிரப்புவதற்கான முனையே அவற்றில் இருக்காது. வண்டி ஏசிக்கு முனை உண்டு, ஆனால் கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருளல்ல. வெகுவாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். பழைய வண்டிகளில் ஆர் 134ஏ என்ற கேஸ், புதியவற்றில் ஆர் 1234ஒய்எஃப் என்ற கேஸ்; ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக்கூடாது. கேஸைக் காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதால், சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பரிடமே போங்கள். குளிர்காலத்திலும் மாதம் ஒருமுறை வண்டி ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எண்ணெய் சுற்றினால்தான் கம்ப்ரசரில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் காயாமல் இருக்கும்.

கூரையிலிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் சொட்டினால் கவலை வேண்டாம், அது காற்றிலிருந்து பிரிந்த ஈரம். உள்ளே சொட்டினால், வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். மழைநாளில் ஏசி அணைந்திருக்கும்போதும் சொட்டினால், கூரைத் துளையைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுங்கள். முன்கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் மறைப்பைவிட வெளியே போர்த்தும் மறைப்பு நன்றாக வேலை செய்கிறது, ஏனெனில் வெப்பம் உள்ளே வந்த பிறகு அதைத் திருப்பி அனுப்புவது கடினம். ஏசியைப் போடும் முன் கதவுகளை ஐந்து நிமிடம் திறந்துவைத்து, தேங்கிய சூட்டை வெளியேற்றுவதும் அதே அளவுக்குப் பயன் தரும்.

சரியான கம்பியில் இணைத்து, ஃபில்டரைக் கழுவி, ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் வெளியே வீசும் காற்றின் வெப்பநிலையையும் ஒரு சாதாரண வெப்பமானியால் அளந்து எழுதுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருந்தால் இயந்திரம் நலமாக இருக்கிறது. அதைவிடக் குறைவாக இருந்தால், பெயர்ப்பட்டையில் உள்ள வோல்ட், ஆம்பியர் எண்களையும் சேர்த்து அனுப்புங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.