இங்கிலாந்தின் பழைய மேனர் ஒன்று எத்தனை கை மாறியிருக்கும்?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு மேனரும் அதைச் சேர்ந்த பண்ணை நிலமும் நூற்றாண்டுகளாக யார் யார் கைக்குப் போயிருக்கும்? உண்மையான உதாரணம் ஏதாவது உண்டா?

உண்டு. யார் கேட்டாலும் நான் சொல்வது நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் லாக்ஸ்டன் கிராமத்தைத்தான். பெரிய மாளிகை எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வயல், சர்ச், ஒரு பப், புல் மூடிய ஒரு பழைய கோட்டை மேடு, அவ்வளவுதான். ஆனால் சொத்துக் கதை அபாரமானது.

மேனர் என்றால் கிட்டத்தட்ட ஜமீன். நிலம் மட்டுமல்ல, குத்தகை வசூலிக்கும் உரிமையும் உள்ளூர் நீதிமன்றம் நடத்தும் உரிமையும் சேர்ந்தது. 1066-க்கு முன்னால் லாக்ஸ்டன் டோகி என்பவரிடம் இருந்தது. பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் வந்து ஜெயித்தார்கள். 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் ஜெஃப்ரி அல்செலின் பெயர் இருக்கிறது. விலையும் இல்லை, பத்திரமும் இல்லை, பிடுங்கிக் கொடுத்ததுதான். அப்புறம் வாரிசுப் பெண்களின் கல்யாணம் வழியாக எவரிங்ஹாம் குடும்பத்துக்குப் போனது. ஷெர்வுட் காட்டைப் பார்த்துக்கொள்ளும் பரம்பரைப் பதவியும் அவர்களிடம்தான் இருந்தது.

பணம் கொடுத்து வாங்கும் காலம் 17-ஆம் நூற்றாண்டில் சூடுபிடிக்கிறது. அரசனுக்கு நெருக்கமான பக்கிங்ஹாம் பிரபு கையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1625-இல் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வியாபாரிக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியப் பக்கம் கப்பல் அனுப்ப மன்னர் சார்லஸிடம் அனுமதி வாங்கிய கூட்டத்துக்குப் பணம் போட்டவர் இவர். தான் வாங்கிய நிலம் எவ்வளவு என்று தெரியவேண்டும் என்று மார்க் பியர்ஸ் என்ற சர்வேயரை வைத்து 1635-இல் அளந்து வரைபடம் போடச் சொன்னார். ஒவ்வொரு துண்டு நிலமும், அதை யார் உழுகிறார்கள் என்பதும் பதிவானது. வயல்களில் 2,000-க்கும் மேற்பட்ட துண்டுகள்! அந்த வரைபடம் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மறு வருஷமே கோர்ட்டன் இறந்துபோனார். மன்னர்களுக்குக் கொடுத்த கடன் திரும்பி வராமல் குடும்பம் நொடித்தது. 1640 வாக்கில் மேனர் பியர்பாண்ட் குடும்பத்துக்குப் போனது.

அந்தக் குடும்பத்தின் பின்கதை சீரியல் எடுக்கும் அளவுக்கு இருக்கிறது. இரண்டாம் கிங்ஸ்டன் டியூக் 1773-இல் இறந்தபோது, மனைவி எலிசபெத் சட்லீக்கு ஆயுள் வரை அனுபவிக்கச் சொத்தை எழுதிவைத்தார். எலிசபெத்துக்கு முன்பே வேறொருவரோடு ரகசியக் கல்யாணம் ஆகியிருந்தது என்று டியூக்கின் உறவினர்கள் கிளப்பினார்கள். 1776-இல் பிரபுக்கள் சபையே உட்கார்ந்து விசாரித்துக் குற்றவாளி என்றது. ஆனால் உயில் செல்லும்! அந்த அம்மாள் வெளிநாடு போய், 1788-இல் இறக்கும்வரை வருமானத்தை அனுபவித்தார். பிறகுதான் டியூக்கின் தங்கை மகன், பியர்பாண்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு, சொத்துக்கு வந்தார். 1806-இல் மேன்வர்ஸ் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் பெற்றார்.

இத்தனை முதலாளிகள் மாறியும் லாக்ஸ்டனில் உழவு முறை பெரிதாக மாறவில்லை. இங்கிலாந்தின் மற்ற பெரும்பாலான இடங்களில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளுக்குள், ஊரார் துண்டு துண்டாகப் பங்கிட்டு உழுத பொது வயல்களை வேலி போட்டுத் தனித்தனிப் பண்ணைகளாக்கிவிட்டார்கள். இங்கே மேன்வர்ஸ் நிலமும் ஸ்கார்பரோ ஏர்லின் நிலமும் பின்னிக் கிடந்ததால் மாற்றிக்கொள்ளும் பேச்சு படியவில்லை என்பார்கள். பாரம்பரியப் பற்று என்று சிலர் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 1900-களின் தொடக்கத்தில் துண்டுகளை ஒன்றுசேர்த்துக் குறைத்தார்கள். இன்று 200-க்கும் குறைவு. மூன்று பெரிய வயல்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு என்று வருஷா வருஷம் சுழலும்.

இதையெல்லாம் கண்காணிப்பது மேனர் நீதிமன்றம். நவம்பர் கடைசி வாக்கில் விவசாயிகளிலிருந்தே தேர்ந்தெடுத்த ஜூரி கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்த்து எல்லைக்கு முளை அடிக்கும். பொதுப் பாதையையோ புல்வரப்பையோ சேர்த்து உழுதவர்களுக்கு அபராதம். 1977-இல் நாட்டில் மற்ற ஊர்களின் இத்தகைய நீதிமன்றங்களுக்கு அதிகாரத்தை எடுத்த சட்டம், லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது.

ஆறாவது மேன்வர்ஸ் ஏர்லுக்கு ஆண் வாரிசு இல்லை. 1952-இல் லாக்ஸ்டனை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். பொது வயல் முறையைக் காப்பாற்றவேண்டும் என்பது ஏற்பாடு. 1981-இல் அது, மன்னர் பெயரில் உள்ள பொதுச் சொத்துகளை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட் கைக்குப் போனது. 2018-இல் கிரௌன் எஸ்டேட் விற்கப்போவதாக அறிவித்தபோது, வாங்குபவர் பிரித்து விற்றுவிட்டால் என்ன ஆகும் என்று ஊரில் கவலை இருந்தது. 2020-இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட். அதாவது மேன்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்தவர்கள்! 68 வருஷம் அரசிடம் இருந்துவிட்டுப் பழைய வீட்டுக்கே போய்விட்டது.

நேரில் பார்க்க விரும்பினால் டவ்காட் இன் பப்புக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய கண்காட்சி இருக்கிறது. அங்கே தொடங்கி வயல் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். மழை பெய்திருந்தால் நல்ல பூட்ஸ் அவசியம். அந்தக் களிமண் லேசில் விடாது.