சிங்கப்பூர், துபாய் போலீஸ் சான்றிதழை ஊரிலிருந்தே வாங்க முடியுமா?

கேள்வி: ஐயா, நான் இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். கனடாவில் நிரந்தரமாகக் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பெயர் பதிந்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறேன். என் கணவர் 2016 முதல் 2019 வரை சிங்கப்பூரில் கப்பல் பட்டறையிலும், 2020 முதல் 2023 வரை துபாயிலும் வேலை பார்த்தவர். இப்போது ஊரில் வல்லத்தில் கடலுக்குப் போகிறார். அந்த இரண்டு நாட்டுப் போலீஸ் சான்றிதழும் வேண்டும் என்கிறார்கள். கைரேகையே இல்லாமல் வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்டு 80 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். கணவரின் பழைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். துபாய் வங்கிக் கடனில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. நம் ஊர்க் காவல் நிலையச் சான்று போதாதா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரியபட்டினம்

பதில்: சகோதரிக்கு வணக்கம். ஊர்க் காவல் நிலையச் சான்று போதாது. கடந்த 10 ஆண்டுகளில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ச்சியாக 6 மாதமோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்றிதழ் வேண்டும் என்று கனடா கேட்கிறது. விண்ணப்பம் உங்கள் பெயரில் இருந்தாலும், உடன் வரும் கணவருக்கும் இது பொருந்தும். நம் காவல்துறை இந்தியாவில் அவர்மீது வழக்கு உண்டா என்று சொல்லலாமே தவிர, சிங்கப்பூரிலும் துபாயிலும் அவர் இருந்த ஆண்டுகளைப் பற்றி அந்தந்த நாட்டுக் காவல்துறைதான் சொல்ல முடியும்.

எந்தச் சான்றிதழை முதலில் வாங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதங்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். விட்டு வந்த நாட்டின் சான்றிதழோ, அங்கிருந்து கடைசியாகப் புறப்பட்ட பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். ஆகவே வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கான ஆயத்த வேலைகளை இன்றே தொடங்குங்கள். இந்தியச் சான்றிதழைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்தபின் முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பிக்க 60 நாட்களே கிடைக்கும் என்பதால், கைரேகைக்கு அலையும் வேலையை அந்த 60 நாட்களுக்குள் தள்ளிவிடக் கூடாது.

சிங்கப்பூர்க் காவல்துறை தரும் சான்றிதழுக்கு இணையவழியில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணமும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால் அந்நாட்டுக் குடிமக்கள் அல்லாதவர்கள், இச்சான்றிதழை வேறொரு நாட்டின் அரசுத் துறை கேட்கிறது என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். எனவே கனடாவின் அழைப்பு வரும்வரை அங்கே பணம் கட்ட அவசரம் வேண்டாம். கைரேகைத் தாளையும், ஒர்க் பெர்மிட்டில் உள்ள ஃபின் எண்ணையும் (வெளிநாட்டவருக்குச் சிங்கப்பூர் தரும் அடையாள எண்), பழைய பாஸ்போர்ட்டின் நகல்களையும் தயாராக வைத்துக்கொண்டு, அழைப்பு வந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.

கைரேகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பயிற்சி பெற்ற காவலர் மூலம் பத்து விரல்களின் ரேகையையும் உரிய படிவத்தில் பதிந்து, எடுத்தவரின் பெயர், பதவி, கையொப்பம், அலுவலக முத்திரை, தேதி ஆகிய அனைத்தும் இருக்கும்படி வாங்க வேண்டும். வலைக் கயிறும் உப்புத் தண்ணீரும் நாள்தோறும் படுகிற கையில் ரேகை தேய்ந்திருக்கும்; பட்டறையில் வேலை பார்த்தவர் என்பதால் அதற்கு முன்பே தேய்ந்திருக்கவும் கூடும். தெளிவில்லாத பதிவு திரும்பி வந்தால் சில வாரங்கள் வீணாகும். அதனால் ரேகை எடுப்பதற்கு முன் ஒரு வாரமாவது அவர் கடலுக்குப் போகாமல் இருப்பதும், இரவில் விரல்களுக்கு எண்ணெய் தடவி வருவதும் நல்லது. எடுக்கும் நாளில் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு படிகள் எடுத்து, மடிக்காமல் அட்டைக்குள் வைத்துக் காப்பாற்றுங்கள்.

துபாய்க்கு அந்நகரக் காவல்துறையின் இணையதளத்திலோ செயலியிலோ விண்ணப்பிக்கலாம். அமீரகத்தை விட்டு வந்தவர்களிடம் பொதுவாகப் பாஸ்போர்ட் நகல், கடைசி ரெசிடென்ஸ் விசா நகல், 784 என்று தொடங்கும் எமிரேட்ஸ் ஐடி எண், அமீரகத் தூதரகம் சான்றொப்பம் இட்ட கைரேகைத் தாள் ஆகியவற்றைக் கேட்பார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரத்துத் துணைத் தூதரகம். தாளில் அதற்கு முன்பாக எந்தெந்த அலுவலக முத்திரைகள் இருக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டறிந்த பிறகு பயணம் புறப்படுங்கள். சான்றிதழை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கினால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

கடன் பாக்கியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். என் பார்வையில் உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான். கடன் கொடுக்கும்போது வங்கி உத்தரவாதக் காசோலை வாங்கி வைத்துக்கொள்வதும், தவணை நின்றதும் அதைப் போட்டுப் பார்ப்பதும் அங்கே வழக்கம். பணமில்லாமல் திரும்பும் காசோலைகளில் பெரும்பாலானவை 2022 ஜனவரி முதல் குற்ற வழக்கில் சேர்வதில்லை என்றாலும், சிவில் வழக்கு இருக்கலாம், அதற்கு முன்பே புகார் பதிவாகியிருக்கவும் கூடும். எமிரேட்ஸ் ஐடி எண்ணைக் கொண்டு நிதி வழக்குகளின் நிலையைப் பார்த்துக்கொள்ளும் வசதி துபாய் காவல்துறையின் இணையதளத்தில் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். பிறகு வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பாக்கியைப் பேசி முடித்து, கடன் இல்லை என்ற கடிதத்தை வாங்கிவிடுங்கள். ஏஜெண்டுக்குப் போகவிருந்த 80 ஆயிரம் இதற்கு உதவட்டும்.

அந்த ஏஜெண்டு சொல்வதை நான் நம்பமாட்டேன். வெளிநாட்டில் இருந்து விண்ணப்பிப்பவரிடம் சிங்கப்பூர் கைரேகை கேட்கிறது. அது இல்லாமல் ஒருவர் எதைக் கொண்டுவந்து தருவார் என்று யோசித்துப் பாருங்கள். சபுராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள், நிறைந்த நம் கடற்கரை ஊர்களில் இப்படிப்பட்ட வாக்குறுதிகளுக்கு என்றைக்கும் குறைவில்லை. போலி ஆவணம் என்று கண்டுபிடிக்கப்பட்டால், உண்மையை மறைத்த குற்றத்துக்காகக் கனடா 5 ஆண்டுகள் உள்ளே விடாது. தாள் கணவருடையது என்றாலும் உங்கள் விண்ணப்பமும் சேர்ந்தே விழும். மாறாக, முயன்றும் ஒரு சான்றிதழ் 60 நாட்களுக்குள் வந்து சேரவில்லை என்றால், கட்டண ரசீது, மின்னஞ்சல்கள், தூதரகம் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு ஆகியவற்றை விளக்கக் கடிதத்துடன் இணைக்கலாம். ஏற்பது அதிகாரியின் முடிவு என்றாலும், அது நேர்மையான வழி.

இந்தியச் சான்றிதழுக்கு இருவரும் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய், நம் மாவட்டத்துக்கு மதுரை மண்டல அலுவலகம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வேலைவாய்ப்புக்காகத் தரும் சரிபார்ப்பு அறிக்கை வேறு. அதை வாங்கிவிட்டு இதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஏஜெண்டிடம் உள்ள பழைய பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். 2020இல் அமீரகம் போனவருக்கு விசா பாஸ்போர்ட்டில்தான் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் நகல் இல்லாமல் துபாய் விண்ணப்பம் நகராது. பிறருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. அவர் தர மறுத்தால், பாஸ்போர்ட் எண்ணைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் நினைவில் இல்லையென்றால், கணவரின் புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும்.