கார் விபத்துக்குப் பிறகு கழுத்து, தோள் வலியோடு மேடையில் கிட்டார் வாசிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பின்னால் வந்த கார் இடித்து இரண்டு வாரம் ஆகிறது, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை, ஆனாலும் கழுத்தும் இடது தோளும் இழுத்துப் பிடிக்கிறது, அடுத்த மாதம் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது, வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்துவிடலாமா.

வாசிக்கலாம். ஆனால் விபத்துக்கு முன்னால் எப்படி வாசித்தீர்களோ அப்படியே வாசிக்க வேண்டும் என்று நினைத்தால் வேண்டாம், ஒத்திப்போட்டுவிடுங்கள்.

மற்றதைப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வலி தோளோடு நிற்கிறதா, இல்லை கை வழியாக இறங்கி விரலுக்கு வருகிறதா? விரல் நுனி மரத்துப்போவது, கம்பியை மீட்டும் பிக் தானாக நழுவுவது, கம்பியை அழுத்தும்போது விரலில் பலம் இல்லாமல் போவது, இதில் ஏதாவது இருந்தால் அது நரம்பு சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கலாம். மேடையை மறந்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். நடை தடுமாறினாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். தலைவலி, வாந்தி, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, எதையும் மனதில் நிறுத்த முடியாமை என்று இருந்தால் தலையில் அதிர்ச்சி பட்டிருக்கலாம். அந்த நிலையில் மேடை விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போய் நிற்கவே கூடாது.

இது எதுவும் இல்லை, வெறும் இறுக்கமும் வலியும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

நானும் கிட்டார்தான், எனக்கும் இதே மாதிரி பின்னாலிருந்து இடித்ததுதான். இடித்த அன்று ஒன்றுமே தெரியவில்லை, இறங்கி நின்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தேன், மறுநாள் காலையில் தலையைத் திருப்ப முடியவில்லை. பலருக்கும் இப்படித்தான் நடக்கிறது. மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. பின்னாலிருந்து இடி விழும்போது சீட் நம் உடம்பை முன்னால் தள்ளுகிறது, தலை ஒரு கணம் பின்தங்கி அப்புறம் வெடுக்கென்று முன்னால் வருகிறது. அந்தக் கணத்தில் கழுத்துத் தசைகளும் மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களும் அளவுக்கு மேல் இழுபடுகின்றன. பதற்றத்தில் அப்போது தெரியாது, சில மணி நேரம் கழித்தோ அடுத்த நாளோதான் வலி தலைகாட்டும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், இந்தக் காயம் தெரியாது. அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்பதை 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிட்டார்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நான் அன்று டிரைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். சீட் பெல்ட் இடது தோள்பட்டையிலிருந்து குறுக்கே இறங்கும், அது பிடித்து இழுத்த இடத்தில் காறை எலும்பு மேல் ஒரு பட்டை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. கிட்டார் ஸ்ட்ராப் உட்காருவதும் அச்சு அசலாக அதே இடம். 4 கிலோ எலக்ட்ரிக் கிட்டாரை அந்தக் கன்றிப்போன தோளில் மாட்டிக்கொண்டு, விரல் அழுத்துகிற ஃபிரெட்போர்டைப் பார்ப்பதற்காகக் கழுத்தை இடது பக்கம் திருப்பிக் குனிந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

நான் வாசித்தேன், ஆனால் உட்கார்ந்து வாசித்தேன். முதுகு சாயாத உயரமான ஸ்டூல், கிட்டாரின் எடை முழுக்கத் தொடை மேல், ஸ்ட்ராப் பேருக்குத்தான். கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக டிரம்மரை நேராகப் பார்க்கிற மாதிரி ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன், நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரையும் நேர் முன்னால் வைக்கச் சொன்னேன். நீண்ட நேரம் பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துவது) பிடிக்க வேண்டிய இரண்டு பாட்டுகளை லிஸ்டிலிருந்து எடுத்தோம், ஒரு சோலோவைக் கீபோர்டுக்குக் கொடுத்தோம். கேட்டவர்கள் யாரும் எதையோ இழந்த மாதிரி தெரியவில்லை.

மேடையில் வாசிக்கிற நேரத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் நடப்பதுதான் கழுத்தை அதிகமாகக் கெடுக்கிறது, இதை யாரும் முதலிலேயே சொல்ல மாட்டார்கள். ஆம்ப்ளிஃபயரைத் தூக்குவது, பெட்டியை வண்டியில் ஏற்றுவது, தரையில் குனிந்து கேபிள் சுருட்டுவது. எங்கள் கீபோர்டுத் தம்பி, "அண்ணே, நீங்க எதையும் தொடாதீங்க, அந்தப் பக்கம் போய் உட்காருங்க" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டான். அந்த ஒரு உதவிதான் என்னைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒத்திகையும் அப்படித்தான், மூன்று மணி நேர ஒத்திகைக்குப் பதில் பத்துப் பத்து நிமிடமாக வாசித்துவிட்டு எழுந்து நடங்கள், மீதியைக் காதில் கேட்டும் மனதுக்குள் வாசித்தும் பாருங்கள். அசையாமலே கிடப்பதும் நல்லதில்லை, கழுத்துப் பட்டையை நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருப்பதை டாக்டர்கள் இப்போது பெரும்பாலும் ஊக்குவிப்பதில்லை. பிசியோதெரபிஸ்ட்டிடம் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போங்கள், எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று அவர் கண்ணால் பார்த்தால் சொல்லும் யோசனையே வேறு மாதிரி இருக்கும்.

வலியை வென்று மேடை ஏறினார் என்று சிலரைப் பற்றிப் புகழ்ந்து எழுதுவார்கள், அதைப் படித்துவிட்டு நாமும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவோம். அந்தக் கதைகளைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். பாடகி பேட்சி கிளைன் 1961 ஜூனில் நாஷ்வில்லில் நேருக்கு நேர் மோதிய விபத்தில் படுகாயம் அடைந்தார், ஆகஸ்டில் ஊன்றுகோலோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். விலா வலியில் 'கிரேசி' பாட்டின் உச்ச ஸ்வரங்கள் அவருக்கு எட்டவில்லை. அன்று இசையை மட்டும் பதிவு செய்துவிட்டு, சில வாரம் கழித்து உடம்பு கொஞ்சம் தேறியதும் வந்து பாடினார். நாம் இன்று கேட்பது அந்தக் குரலைத்தான், அதாவது காத்திருந்து பாடிய குரல். கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1948 ஜனவரியில் பனியில் சறுக்கிய காரில் வலது முழங்கையை நொறுக்கிக்கொண்டார். இனி அது மடங்காது, எந்தக் கோணத்தில் வைக்கிறோமோ அப்படியேதான் நிற்கும் என்று டாக்டர்கள் சொன்னபோது, கிட்டார் பிடிக்கிற கோணத்தில் வைத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். டெஃப் லெப்பர்டு ராக் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் இடது கையையே இழந்தார், இடது கை செய்த வேலையைக் கால் பெடலுக்கு மாற்றிய எலக்ட்ரானிக் டிரம்ஸோடு 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டன் ராக் விழா மேடையில் வாசித்தார். மூவரும் தாங்கிக்கொண்டார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் தேதியை மாற்றினார், ஒருவர் கையின் கோணத்தை மாற்றினார், ஒருவர் வாத்தியத்தையே மாற்றினார்.

மாத்திரை விஷயம். வலி மாத்திரை எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வது வாசிப்பவரின் பக்கத்திலிருந்து: எந்த மாத்திரையையும் முதல் தடவையாக நிகழ்ச்சி நாளில் போடாதீர்கள். தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் பல பேருக்குத் தூக்கம் வரவைக்கும், விரல் ஒரு நொடி தாமதமாகப் போகும், தாளம் கையை விட்டு நழுவும். வலியே தெரியாத அளவுக்கு மருந்து போட்டுக்கொண்டு ஏறினால், எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பு சொல்வதும் நமக்குக் கேட்காது.

சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ, அப்புறம் கூப்பிடவே மாட்டார்களோ என்ற பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி சம்பாதிக்கிற யாருக்கும் இந்தப் பயம் இருக்கும், அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் இன்றே குழுவில் சொல்லுங்கள். கடைசி நாளில் கைவிரிப்பவரைத்தான் யாரும் திரும்பக் கூப்பிடத் தயங்குவார்கள். மூன்று வாரம் முன்னாலேயே, உட்கார்ந்து வாசிக்கிறேன், இந்த இரண்டு பாட்டு வேண்டாம், எதற்கும் ஒரு மாற்று ஆளைச் சொல்லி வைப்போம் என்று சொல்பவரோடு வேலை செய்ய யாருக்கும் கசக்காது.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் முழு லிஸ்டையும், அன்று எப்படி உட்காரப் போகிறீர்களோ அப்படியே உட்கார்ந்து, ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். வாசிக்கும்போது எப்படி இருந்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், வாசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் எழுந்து, தலையை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முந்தின நாள் இருந்த அளவுக்காவது திரும்பினால் போய் வாசியுங்கள். அதைவிடக் குறைந்திருந்தால் மாற்று ஆளுக்குப் போன் போட்டுவிடுங்கள்.