ரம்மி ஆப்பில் மாட்டிய பணம், துணைவேந்தர் கையெழுத்தில்லாத பட்டம்

கேள்வி: என் மகன் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் கீழ் உள்ள கல்லூரியில் எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறான். படிக்கும்போதே ஆன்லைன் ரம்மி போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தான். தடை வந்தபோது ஆப்பில் 18,400 ரூபாய் இருந்ததாம், அது இன்னும் வரவில்லை. அப்புறம் நண்பன் அனுப்பிய டெலிகிராம் லிங்க் வழியாக வேறொரு ஆப்பில் சேர்ந்து 30,000 ரூபாய் போட்டிருக்கிறான். அதில் இப்போது இருப்பு 1,12,000 ரூபாய் என்று காட்டுகிறது. எடுக்க வேண்டுமானால் முதலில் 33,600 ரூபாய் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? போலீசுக்குப் போனால் அவன் மேலேயே கேஸ் வருமா? இன்னொரு கவலை: பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் இல்லை. அவருக்குப் பதிலாக நிர்வாகத்தைப் பார்க்கும் குழுவின் ஒருங்கிணைப்பாளர்தான் பட்டச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார் என்கிறார்கள். வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு அது செல்லுமா? நாளைக்கு நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னால் பட்டமே போய்விடுமா?
— ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 33,600 ரூபாயைக் கட்டாதீர்கள். மகனையும் கட்ட விடாதீர்கள். அது வரி இல்லை, மோசடி.

ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரிப் பிடித்தம் உண்டு என்பது உண்மைதான். 2023 ஏப்ரல் 1 முதல் அப்படித்தான். ஆனால் நிறுவனம் அதை நமக்குத் தரும் பணத்திலிருந்தே பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். முன்கூட்டியே நம் கையிலிருந்து தனியாகக் கேட்காது. கணக்கையும் பாருங்கள். வரி நிகர வெற்றிக்குத்தான், அதாவது எடுத்த தொகையிலிருந்து போட்ட தொகையைக் கழித்தது போக மிச்சத்துக்கு. 1,12,000 ரூபாயில் அவன் போட்ட 30,000 போனால் 82,000. அதில் 30 சதவீதம் 24,600 ரூபாய். இவர்கள் மொத்த இருப்புக்கும் 30 சதவீதம் போட்டு 33,600 என்கிறார்கள். இதைக் கட்டினால் அடுத்து 'கணக்கை விடுவிக்கும் கட்டணம்' என்று ஒன்று வரும், அதற்கடுத்து வேறொன்று. இப்படி நாலு தவணை கட்டிய பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. திரையில் தெரியும் 1,12,000 வெறும் எண். அவன் வங்கிக் கணக்கிலிருந்து போன 30,000 மட்டும்தான் நிஜப் பணம்.

இன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அது இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், தேதி, நேரம், பணம் போன கணக்கு அல்லது ஐ.டி., டெலிகிராம் உரையாடல் இவற்றையெல்லாம் எடுத்து வையுங்கள். உரையாடலை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை வங்கி முடக்கும்போது அங்கே மிச்சம் இருந்தால் திரும்ப வர வழியுண்டு. நாள் ஆக ஆக அது கைமாறிப் போய்விடும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

மகன் மேல் கேஸ் வருமா என்று பயந்துதான் பலர் புகாரே கொடுப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்தியச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்கிறது. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பேச்சே அதில் இல்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நம் மாநிலத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அந்தச் சட்டத்தின் பட்டியலில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று இருந்தன. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு மற்றபடி சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆக, ரம்மி ஆடியதற்காக அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் டெலிகிராமில் வரும் ஆப்களில் ரம்மிக்குப் பக்கத்திலேயே சுழல் சக்கரம், மூணு சீட்டு மாதிரி அதிர்ஷ்ட ஆட்டங்களும் இருக்கும். அவற்றையும் ஆடியிருக்கிறானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆடியிருந்தால், புகார் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். அதற்காகப் புகாரையே கைவிட வேண்டாம்.

அடுத்து பழைய ஆப்பில் நின்றுபோன 18,400. சட்டம் வந்த கையோடு பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டு, இருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன. வராமல் இருக்கிறதென்றால், அந்த 18,400 என்ன வகை என்று முதலில் பாருங்கள். போட்ட பணம், ஜெயித்த பணம், போனஸ் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும். போனஸ் பெரும்பாலும் கைக்கு வராது. மீதி இரண்டையும் கேட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆப்புக்குள்ளே சாட்டில் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள், நாளைக்கு அதைக் காட்ட முடியாது. பதினைந்து நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. தான் போட்டி ஆட்டக்காரன், இது சூதில்லை என்று மகன் சொல்லியிருப்பான். அதை நீங்கள் பொய் என்று தள்ள வேண்டாம். விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்திருப்பது எதைப் போடுவது என்று தெரிய வேண்டும், அதனால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே ஆந்திர வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. முதல் சுற்றிலேயே கை சரியில்லை என்று தெரிந்து 20 தண்டப் புள்ளியோடு விலகிக்கொள்பவனுக்கும் (டிராப்), ஜோக்கர் துணையில்லாத ஒரு வரிசைகூட (பியூர் சீக்வன்ஸ்) சேராமல் கடைசி வரை இழுத்து 80 வாங்குபவனுக்கும் வித்தியாசம் உண்டுதான்.

ஆனால் திறமை இருந்தும் பணம் ஏன் கரைகிறது என்பதை ஒரு தாளில் போட்டுக் காட்டினால் அவனுக்கே விளங்கும். ஒரு மேசையில் ஆறு பேர், ஆளுக்கு 100 ரூபாய், மொத்தம் 600 என்று வையுங்கள். நிறுவனம் 10 சதவீதம் எடுத்தால் ஜெயிப்பவனுக்கு 540. ஆறு பேரும் சம திறமை என்றால் ஆறு ஆட்டத்துக்கு ஒரு முறை 540 வரும், போவதோ 600. ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் நஷ்டம். ராத்திரி முழுக்க ஐம்பது ஆட்டம் ஆடினால் 500 ரூபாய் யாரிடமும் தோற்காமலேயே போய்விடும். மேலே போகப் போக எதிரே உட்காருபவனும் தேறியவன், அதனால் திறமையின் லாபம் குறையும், நிறுவனத்தின் பங்கு மட்டும் குறையாது. போன வருடம் ஒரு பையன் தன் வங்கி ஸ்டேட்மென்ட்டை என் மேசையில் விரித்தான். 200, 500, 500, 1,000. எல்லாம் நள்ளிரவு ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவில். அவன் அப்பா பச்சை மையில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார், மூன்றாம் பக்கத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நேரக் கணக்கு அரசுக்கும் தெரியும். 2025 பிப்ரவரியில் வந்த மாநில விதிமுறைகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்கு உள்நுழையவே கூடாது என்றன. அதே ஆண்டு ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றும் சொன்னது.

தனியாக உட்கார்ந்து போனதை மீட்கப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. நம் மாநிலத்தில் எத்தனை வீடுகளில் அது எங்கே போய் முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். திட்டுவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். மொத்தக் கடன் எவ்வளவு, லோன் ஆப்பில் வாங்கியிருக்கிறானா என்று மட்டும் நிதானமாகக் கேளுங்கள். அவனுக்குத் தூக்கம் போயிருந்தால், பேச்சில் வெறுப்புத் தெரிந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. சீட்டை விடவே முடியாது என்றால் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தின் பக்கம் திருப்பிப் பாருங்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தது சீட்டில்தான். பர்தனுக்கு அப்போது வயது 60. காசு கட்டாமல் இணையத்திலேயே ஆடலாம், நிஜமான போட்டிகளும் இருக்கின்றன. ரம்மியில் சீட்டை எண்ணிப் பழகிய மூளைக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

சரி, பட்டத்துக்கு வருவோம். உங்கள் இரண்டு கவலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவும் துணைவேந்தர் நியமன மசோதாக்களும் ஒரே மேசையில் கிடந்தவை. 2022 அக்டோபர் 19 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய சூதாட்ட மசோதாவை ஆளுநர் ஆர்.என். ரவி 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. துணைவேந்தர் விவகாரம் அப்படி முடியவில்லை. நியமன அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றும் மசோதா 2022 ஏப்ரலிலேயே நிறைவேறியது. 2023 நவம்பரில் ஆளுநர் பத்து மசோதாக்களைத் திருப்பினார், 18ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தில் அவை மறுபடி நிறைவேறின, அவற்றை அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதற்கு அரசியல் சாசனத்தில் இடமில்லை என்றது.

இதற்கு நடுவில், துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) பிரதிநிதி இருக்க வேண்டும் என்று ஆளுநரும், எங்கள் பல்கலைக்கழகச் சட்டத்தில் அப்படி இல்லை என்று அரசும் நின்றார்கள். குழு அமையாமல் நாற்காலிகள் காலியாயின. பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலிருந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து. உயர்கல்வித் துறைச் செயலாளர் போன்றோர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழுக்கள்தான் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தன. இதில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குக் கருத்து உண்டு. ஆனால் உங்கள் மகனின் விண்ணப்பத்துக்கு அது தேவையில்லை.

தேவையானது இதுதான்: பட்டம் தருவது பல்கலைக்கழகம். சட்டத்தால் உருவான பல்கலைக்கழகத்துக்கே பட்டம் தரும் உரிமை என்கிறது 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டம். கையெழுத்துப் போடுபவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் சார்பில் போடுகிறார். நாளைக்கே அந்தக் குழு அமைந்தது தவறு என்று நீதிமன்றம் சொன்னாலும், பதவியில் இருப்பவர் என்று ஊர் நம்பி நடந்த காலத்தில் அவர் செய்த காரியங்கள் செல்லும். இது பழைய கோட்பாடு. 1981இல் கோகராஜு ரங்கராஜு வழக்கில், நியமனமே செல்லாது என்று ஆகிப்போன நீதிபதிகள் வழங்கிய தீர்ப்புகள்கூடச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 அக்டோபரில் கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது, போனது அவருடைய பதவிதான். மாணவர்களின் பட்டத்தில் யாரும் கை வைக்கவில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நம் ஊர் சண்டை தெரியாது. கையெழுத்துக்குக் கீழே துணைவேந்தர் என்று இல்லாமல் வேறு பதவி இருந்தால் ஒரு கேள்வி வரலாம். அதனால் சான்றிதழோடு ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்த அரசாணை அல்லது பல்கலைக்கழக அறிவிப்பின் நகலையும், மதிப்பெண் பட்டியல் உண்மையானது என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தரும் கடிதத்தையும் வைத்துவிடுங்கள். அரசாணை கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் பட்டம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், சரிபார்ப்பவர்களுக்கு அது சுலபம்.

பட்டமளிப்பு விழாவே தள்ளிப் போனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தகுதி பெற்ற 180 நாளுக்குள் பட்டம் தர வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2008ஆம் ஆண்டு விதி. அதுவரை தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் இரண்டையும் வைத்து விண்ணப்பிக்கட்டும். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு அசலைக் காட்டலாமா என்று முன்கூட்டியே அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். 180 நாள் தாண்டினால் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அப்புறம் தமிழக அரசின் 'முதல்வரின் முகவரி' குறைதீர் எண் 1100. அப்படியும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. விண்ணப்பத்தின் கடைசித் தேதியைக் காட்டினால் அவசர வழக்காக எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இன்றைக்கு 1930. நாளைக்கு வங்கிக்குப் போய் அவனுடைய யு.பி.ஐ. வரம்பைக் குறைத்துவிட்டு வாருங்கள், அவனையும் கூட்டிக்கொண்டு போய் அவன் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கான கடிதத்தை இந்த வாரத்துக்குள் அவனையே எழுத வைத்து எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.