பி.டி. வகுப்பில் சமூக நீதியைச் சொல்லித்தர முடியுமா?

"புதிதாக பி.டி. (உடற்கல்வி) ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன், சமூக நீதிக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மும்பை தாராவியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். தனிப் பாடம் வேண்டாம். ஆள் பிரிக்கும்போதே தொடங்குங்கள்.

இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஒவ்வொருவராக எடுக்கச் சொன்னால், கடைசியில் நிற்பது எப்போதும் அதே பிள்ளைதான். வகுப்பே பார்க்க நடக்கும் அவமானம் அது. ஊரில் உத்தி பிரிப்பார்களே, அதைச் செய்யுங்கள். சம பலமுள்ள இருவர் தள்ளிப் போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, கேப்டன்களிடம் "புலி வேணுமா, சிங்கம் வேணுமா?" என்பார்கள். ஒரு கேப்டன் கேட்கும் பெயருக்குரியவர் அவர் அணிக்கு, மற்றவர் எதிரணிக்கு. யாரும் கடைசியாக நிற்க வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த ஆச்சிகளுக்கு இது தெரியும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

அடுத்து கோ-கோ. இரண்டு கம்பம் போதும், ஷூகூட வேண்டாம். விரட்டும் அணியில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதுகைத் தொட்டு 'கோ' கொடுத்தால்தான் எழுந்து ஓட முடியும். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். கூட்டாளிகளுக்குள்ளேயே சுற்றும். ஒரு பிள்ளை ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்தே இருக்கும். வெளியே இருப்பவரிடம் நோட்டைக் கொடுத்து, 'கோ' வாங்கும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிறகு பெயரைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் படியுங்கள். திட்ட வேண்டாம். ஏன் இப்படி என்று பிள்ளைகளே பேசட்டும், பேசுவார்கள்.

அப்போதுதான் நான் பல்வங்கர் பாலுவைப் பற்றிச் சொல்வேன். தலித் குடும்பத்தில் பிறந்த கிரிக்கெட் சுழற்பந்து வீச்சாளர். புணேயில் அவர் கையிலிருந்து வந்த பந்தைத் தொட்டவர்கள், அவருக்குத் தேநீரை மட்டும் பெவிலியனுக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். இந்திய அணியின் 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர். அப்படியும், மதவாரியாக அணிகள் மோதிய அன்றைய பம்பாய்ப் போட்டியில் இந்துக்கள் அணி அவரைக் கேப்டனாக நியமிக்கவே இல்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் அது கிடைத்தது. அவர்கள் ஆடிய பம்பாய் ஜிம்கானா மைதானம் தாராவியிலிருந்து லோக்கல் ரயிலில் போகும் தூரம்தான். முடிந்தால் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பெண் பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்கு வந்ததும் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வெட்கம் என்று விட்டுவிடாதீர்கள். பாவாடை யூனிஃபார்ம், பூட்டிக் கிடக்கும் கழிவறை, மைதானத்தைப் பிடித்துக்கொள்ளும் பையன்கள் என்று காரணம் எல்லாம் நம் பக்கம்தான். சல்வாருக்கு அனுமதி வாங்குங்கள். சில பீரியடுகளில் முழு மைதானத்தையும் அவர்களுக்கே கொடுங்கள்.

உங்கள் பள்ளிக்கு மைதானமே இல்லையென்றால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் விளையாட்டு மைதானமும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரைக் கொண்டே கேட்கச் சொல்லுங்கள்.