சொந்த இணையதளம் இருக்கிறது. அதில் வலைப்பதிவு சேர்க்க எதைத் தேர்ந்தெடுக்கலாம்: பிளாகர், வேர்ட்பிரஸ், மீடியம், வேறு ஏதாவது?

சொந்த இணையதளம் இருக்கிறது என்றால் டொமைனும் (தளத்தின் பெயர் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை இடம்) உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அப்படியானால் பாதிக் கவலை தீர்ந்தது. அந்த ஹோஸ்டிங்கிலேயே ஒரு ஃபோல்டரில் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். பராமரிப்பு என்ற பேச்சே வேண்டாம் என்றால் கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகர் போதும், ஆனால் உங்கள் டொமைனை இணைத்த பிறகே முதல் பதிவைப் போடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் எழுதியது ஓர் இலவசச் சேவையில். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. பக்கம் பார்க்க அழகாக இருந்தது, பத்து நிமிடத்தில் தொடங்க முடிந்தது, சேர்ந்துவிட்டேன். மூன்று வருடம் எழுதினேன். ஒருநாள் மின்னஞ்சல் வந்தது: சேவையை மூடுகிறோம், உங்கள் பதிவுகளை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கினால் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. எழுத்தெல்லாம் இருந்தது. படம் ஒன்றுகூட இல்லை, படம் இருந்த முகவரிதான் இருந்தது. அந்த முகவரியும் அவர்கள் சர்வரில்தான், அதுவும் சேர்ந்து போயிற்று. அதைவிட வலித்தது, மற்றவர்கள் தங்கள் பக்கங்களிலிருந்து என் பதிவுகளுக்குக் கொடுத்திருந்த லிங்க் எல்லாம் செத்துப்போனது. எழுத்தை வேறு இடத்தில் ஏற்றிவிடலாம், அந்த லிங்குகளை என்ன செய்வது?

பெரிய பெயர்களுக்கும் இது நடந்திருக்கிறது. இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. போஸ்டரஸ் என்ற வலைப்பதிவுச் சேவையை ட்விட்டர் 2012இல் வாங்கி அடுத்த வருடமே மூடியது. ஆகவே எதில் தீம் (பக்க வடிவமைப்பு) அழகு, எதில் வசதி அதிகம் என்று ஒப்பிடுவதற்கு முன்னால், இங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தால் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியும் என்று பாருங்கள். டொமைன் உங்களுடையதாக இருந்தால் முகவரி உங்களோடு வரும். வீடு மாறினாலும் கதவு எண் மாறாது என்கிற மாதிரி.

பிளாகர் 1999 ஆகஸ்டில் வந்தது, 2003இல் கூகுள் வாங்கியது. இன்றும் இலவசம், டொமைன் இணைப்பதும் இலவசம், டொமைனுக்கு நீங்கள் கட்டும் பணம் மட்டும்தான் செலவு. இணைத்துவிட்டால் பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களை அதுவே புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். ஆனால் உங்கள் தளத்துக்குள் ஒரு ஃபோல்டராக அதை வைக்க முடியாது, டொமைனுக்கு முன்னால் 'பிளாக்' என்று சேர்த்த சப்டொமைனாகத்தான் வைக்க முடியும். பலருக்கு அது பெரிய விஷயமில்லை.

அடுத்தது, தமிழில் எழுதுபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று. பிளாகரில் தலைப்பைத் தமிழில் வைத்தால் பதிவின் முகவரியில் தலைப்பு வராது. 'பிளாக்-போஸ்ட்' என்ற சொல்லும் அதன் பின்னால் ஏதோ எண்ணும்தான் வரும். நூறு பதிவுக்கும் அதே கதை, எது எதன் முகவரி என்று உங்களுக்கே தெரியாது. வெளியிடும் முன்பே பக்கவாட்டு அமைப்புகளில் முகவரியை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு நேரடியாக மாற்ற விடாது.

வேர்ட்பிரஸ் முகவரியில் தமிழை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஒரு வில்லங்கம் உண்டு. முகவரியில் ஒரு தமிழ்க் குறி உள்ளே சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 9 இடம் எடுக்கும். மொத்த இடம் 200. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு; 'கொ'வில் வரும் கொம்பும் காலும் மட்டும் சேர்ந்து ஒரே குறி. 'கொக்கு' என்ற மூன்றெழுத்துச் சொல்லே ஆறு குறி, 54 இடம். கணக்குப் போட்டால் 22 குறியோடு தலைப்பு வெட்டப்பட்டுவிடும், மூன்று நான்கு சொல்லுக்கு மேல் தாங்காது. அந்த லிங்கை நகலெடுத்து யாருக்காவது அனுப்பினால் பல இடங்களில் ஒரே சதவீதக் குறியாகத் தெரியும், வைரஸ் என்று பயந்து திறக்காதவர்களும் உண்டு. எனவே இதிலும் சின்னதாக ஆங்கில எழுத்தில் முகவரி கொடுப்பதே நல்லது.

வேர்ட்பிரஸ் என்றதும் குழம்ப வேண்டாம், அந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன. டாட் ஆர்க் என்பது 2003 மே மாதம் முதலில் வெளியான இலவச மென்பொருள், உங்கள் சர்வரில் நீங்களே நிறுவுவது. டாட் காம் என்பது அதே மென்பொருளை ஒரு நிறுவனம் தன் சர்வரில் வைத்து நடத்தும் சேவை. நான் சொல்வது முதலாவதை. பிஎச்பி என்ற நிரல்மொழியும், பதிவுகளைச் சேமிக்க மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸும் இருந்தால் போதும், சாதாரண ஹோஸ்டிங்கில் இரண்டுமே இருக்கும்.

பராமரிப்பு? உண்டு, மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் ஆசைப்பட்டு இருபதுக்கு மேல் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் ராத்திரி ஒன்றை அப்டேட் செய்தேன், தளம் முழுக்க வெள்ளைத் திரை. உள்ளே நுழையவும் வழியில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் போய் அந்த பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றினாலே அது செயலிழந்துவிடும், தளம் திரும்பிவிடும். ஐந்து நிமிட வேலைக்கு ஒரு ராத்திரி தூக்கம் போயிற்று. இப்போது என்னிடம் இருப்பது ஐந்தே பிளகின், அதில் ஒன்று பேக்கப்புக்கு. பேக்கப் என்றால் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டும். ஒன்றை மட்டும் வைத்திருந்து பயனில்லை.

மீடியம் எழுத சுகமானது, அதில் சந்தேகமில்லை. பிளாகரைத் தொடங்கியவர்களில் ஒருவரான இவான் வில்லியம்ஸ்தான் 2012இல் இதையும் தொடங்கினார். ஆனால் புதிதாக வருபவர்கள் சொந்த டொமைனை இணைக்கும் வசதியை 2017இல் நிறுத்தி, 2021இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். விதி அவர்கள் கையில். சொந்தத் தளத்தில் எழுதிவிட்டு அங்கே ஒரு பிரதி போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மின்னஞ்சல் மடல் அனுப்பும் சேவையான சப்ஸ்டாக்கும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் உங்கள் எண்ணம் மின்னஞ்சல் மடல் என்றால் அது வேறு பேச்சு.

நிரல் எழுதப் பழகியவர் என்றால் ஹியூகோ, ஜெக்கில் மாதிரி நிலைப்பக்கங்களை (முன்கூட்டியே தயாரித்து வைத்த பக்கங்களை) உருவாக்கித் தரும் கருவிகளைப் பாருங்கள். டேட்டாபேஸ் கிடையாது, பக்கம் பறக்கும், பதிவுகள் வெறும் எழுத்துக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே இருக்கும். எனக்கே இதில்தான் ஆசை. ஆனால் அவசரத்துக்கு மொபைலிலிருந்து ஒரு பிழையைத் திருத்துவது பெரும்பாடு. பின்னூட்டத்துக்குத் தனியாக ஏதாவது ஒட்டவைக்க வேண்டும். அதனால் இன்னும் மாறவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஐந்தாறு பதிவு போட்டதும் ஏற்றுமதி செய்து, வேறொரு சோதனைத் தளத்தில் இறக்குமதி செய்து பாருங்கள். பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டின் ஏற்றுமதிக் கோப்பிலும் படங்கள் வராது, ஆகவே படங்களின் மூலப் பிரதியைத் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். பிளாகரில் தொடங்கிப் பிறகு வேர்ட்பிரஸுக்குப் போக நேர்ந்தால், பதிவு முகவரியை வருடம், மாதம், தலைப்பு, கடைசியில் எச்டிஎம்எல் என்று பிளாகரின் அதே வரிசையில் அமைத்துக்கொள்ளலாம். தலைப்புப் பகுதி மட்டும் அப்படியே வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நான் அதைச் செய்ய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.